கூழ் அழைப்பிதழும் 411 வரிக் கணினியும்

வேலப்பன்சாவடியில் எங்கள் எதிர் வீட்டு முதல் மாடியில் 2021 நவம்பர் 14 முதல் குடியிருப்பவர் கிருஷ்ணப்பிரியா. சொந்த ஊர் தென்காசி. வயது முப்பத்து நான்கு. மென்பொருள் நிறுவனமொன்றின் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறார். அவருடைய கணினியைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

நாமெல்லாம் கணினியில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் எங்காவது போய் எதையாவது அழுத்துவோம். மறுநாள் எங்கே அழுத்தினோம் என்பது மறந்திருக்கும். அவர் அப்படியல்ல. என்னென்ன மென்பொருள், எந்த எழுத்துரு, திரைக்கு என்ன நிறம் என எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதி வைத்திருந்தார். மொத்தம் 411 வரி. கணினி அதைப் படித்துத் தன்னைத் தானே அமைத்துக்கொள்ளும். 2023இல் புதுக் கணினி வந்தபோது அந்தக் கோப்பை மட்டும் கொடுத்துவிட்டு இட்லி ஊற்றப் போனார். சாப்பிட்டுத் திரும்பியபோது பழைய கணினியே எழுந்து வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

கோப்பில் எழுதாத எதுவும் தங்கக் கூடாது என்பது அவர் கொள்கை. தம் வேலைகளுக்கு மட்டும் ‘அழிக்காதே’ என்று ஒரு வரி. மற்றபடி கணினியை அணைத்துப் போட்டால், எழுதப்படாதவை அத்தனையும் துடைத்துப் போய்விடும்.

கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் கோதண்டம். ஊரின் பழைய விவசாயக் குடும்பம். அம்மன் கோயில் ஆடிக் கூழ் விழாவுக்கு அந்த வருடம் அவர்தான் பொறுப்பு. அழைப்பிதழின் பின்பக்கத்தில் 43 குடும்பப் பெயர்கள் வர வேண்டும். யார் பெயருக்குக் கீழே யார் பெயர் என்பதில்தான் ஊரின் மானம் இருக்கிறது. அவர் 2024 ஜூலை 5 முதல் தினமும் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சம்மதம் வாங்கிவந்து, மாலையில் கிருஷ்ணப்பிரியாவின் கணினியில் தட்டிவைப்பார்.

“அங்கிள், கோப்புல எழுதாதது இதுல நிக்காது” என்று முதல் நாளே சொல்லியிருந்தார் கிருஷ்ணப்பிரியா.

“உலகத்துல எதும்மா நிக்கிது?” என்று தலையாட்டிவிட்டுத் திரையிலேயே சேமித்துவைத்தார் கோதண்டம்.

ஜூலை 24, புதன். பிற்பகல் 2.10க்கு எழுத்தின் அளவைப் பெரிதாக்க ஒரு வரியை மாற்றிய கிருஷ்ணப்பிரியா, மூன்று வாரமாக அணைக்காமலே ஓடிக்கொண்டிருந்த கணினியை அணைத்துப் போட்டார். மூன்று மணிக்குக் கோதண்டம் வந்தார். பூந்தமல்லி அச்சகத்தில் ஆறு மணிக்குள் கொடுத்தாக வேண்டும்.

“இன்னாம்மா, எங்க போச்சி நம்ம ஊரு?”

கிருஷ்ணப்பிரியா அவசரமாகக் கணினி முன் உட்கார்ந்தார். அந்தக் கணினியில் முந்தைய அமைப்புக்குத் திரும்பலாம். திரும்பினார். பழைய சின்ன எழுத்து வந்தது, பழைய நிறம் வந்தது, பெயர்கள் வரவில்லை.

“எழுத்து வந்துச்சி, ஆளுங்கள காணோமே! பத்தொம்போது நாளா ஊடு ஊடா ஏறி எறங்கிக் கீறேன். திரும்பப் போய்க் கேட்டா, கூழ என் தலைலதாம்மா ஊத்துவானுங்க.”

“வரிசை ஞாபகம் இருக்கா அங்கிள்?”

“வரிசை இல்ல. சண்டை ஞாபகம் கீது.”

“அது போதும். எந்தப் பேரு எங்கன்னு சொல்ல வேண்டாம். கடைசில எப்படி இருக்கணும்னு மட்டும் சொல்லுங்க. அடுக்குறத இது பாத்துக்கும்.”

அவர் சொல்லச் சொல்லக் கிருஷ்ணப்பிரியா எழுதினார். ரேகா வீடும் மைதிலி வீடும் பக்கத்தில் வரக் கூடாது. காரணம், முருங்கை மரம். சாமுண்டீஸ்வரிக்கு மேலே அவர் சம்பந்தி வரக் கூடாது. இப்படி 26 விதிகள். 4.40க்குக் கணினி பதில் சொன்னது: முடியாது. மூன்றாம் விதியும் பத்தொன்பதாம் விதியும் ஒன்றுக்கொன்று இடிக்கின்றன.

கிருஷ்ணப்பிரியா படித்துக் காட்டினார். “மூணு: கெங்கம்மாளுக்கு மேல யாரும் வரக் கூடாது. பத்தொம்பது: மோகனுக்கு மேல யாரும் வரக் கூடாது. அங்கிள், ரெண்டு பேருக்குமா வாக்கு கொடுத்தீங்க?”

கோதண்டம் மின்விசிறியைப் பார்த்தார். “கெங்கம்மாளத்தாம்மா மொதல்ல போட்டு வெச்சிருந்தேன். அச்சு ஆனப்பறம் மோகன பாத்துக்கலாம்னு…”

“எப்படிப் பாத்துக்குவீங்க?”

“அன்னிக்கி வெளியூருக்குப் போயிட்லாம்னு கீறேன்.”

விழாப் பொறுப்பாளர் விழாவன்று தலைமறைவு! கிருஷ்ணப்பிரியாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு கொஞ்சம் யோசித்தார். முதலிடம் வேண்டும் என்றா கேட்டார்கள்? தமக்கு மேலே ஆள் இருக்கக் கூடாது என்றுதானே கேட்டார்கள்? ‘பட்டியல்’ என்றிருந்த வரியை ‘வட்டம்’ என்று மாற்றினார். மேல் கீழ் விதிகளை, அவரவர் பெயரை நிமிர்த்திப் பிடித்தால் அவரே உச்சி என்று திருத்தினார்.

இம்முறை கணினி மறுக்கவில்லை. நடுவில் கூழ்ப் பானை. சுற்றிலும் சக்கரத்தின் ஆரங்கள்போல் 43 பெயர்கள். முருங்கை மரக்காரர்கள் எதிரெதிர்க் கோடியில்.

“ரவுண்டா போட்டா யாரும்மா மேல?”

“யார் கைல வெச்சிருக்காங்களோ அவங்க.”

கோதண்டம் அச்செடுத்த தாளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “அட, நானுங்கூட மேல வரேனே!” ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தார். அச்சகத்தில் 5.52க்குக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு. கோதண்டம் ஊரிலேயே இருந்து, கையில் கரண்டியுடன் கூழ் ஊற்றினார். அன்று எங்கள் தெருவில் நடந்து பார்த்தேன். எல்லா வாசலிலும் அழைப்பிதழின் பின்பக்கத்தை, தம் பெயர் உச்சியில் வரும்படி ஒட்டியிருந்தார்கள். மோகன் வீட்டுக் கதவில் பானை பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. கெங்கம்மாள் வீட்டில் அடியோடு கவிழ்ந்திருந்தது. பானை நேராக நின்ற வீடு தெருவில் ஒன்றே ஒன்று, அச்சிலேயே உச்சியில் விழுந்த பெயருக்குரிய வீடு. அந்த வீட்டுக்காரருக்கு மட்டும் அன்று தலை கொஞ்சம் அதிகமாக நிமிர்ந்திருந்தது.