கானில் ஏறி வந்த மீன்கள்

நான் பிறந்து வளர்ந்தது பூண்டுலோயாவில். அங்கே எங்களுக்கு மீன் என்றால் கருவாடும் நெத்தலியும்தான். உயிரோடு அசைகிற ஒரு மீனைப் பத்தொன்பது வயது வரை நான் பார்த்ததில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் கல்யாணமாகி, பொல்பிட்டியவுக்கு மேலே ஒரு தோட்டத்துக்கு வந்தேன். பூண்டுலோயாக் குளிர் அங்கே கிடையாது. தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில் சிங்கள ஊர்க்காரர்களின் வயல் ஆரம்பிக்கும். மலைக்கு மேலே ஊற்றெடுக்கிற ஒரு சதுப்பிலிருந்து தண்ணீர், கான் என்று நாங்கள் சொல்லும் வடிகால் வழியாக எங்கள் மலையைக் கடந்து அந்த வயலில் இறங்கும்.

எனக்குப் பக்கத்து நிரையில் என் ஓர்ப்படியா கொழுந்து எடுப்பாள். புருஷனுடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வாய்க்காரி. மூன்று பிள்ளைகளையும் லயத்துக் காம்பராவிலேயே, வரிசை வீட்டு அறையிலேயே, பெற்றவள். ஒரு தடவை கூடக் கத்தவில்லை என்று அவளே பெருமையாகச் சொல்லுவாள்.

அந்த வருஷம் வெயில் நீண்டுவிட்டது. வைகாசியில் ஒரு காலை, நாங்கள் மலையில் ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, மழை பிடித்தது. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு எடுத்தோம். கொஞ்ச நேரத்தில் கான் நிறையத் தண்ணீர் ஓடியது. கானின் ஓரத்தில் மண் சரிந்து, ஒரு இடத்தில் கான் அடைபட்டுக் கிடந்தது. தண்ணீர் அங்கே பிரிந்து பக்கத்துப் பாதை மேல் மெல்லிசாக வழிந்தது.

அந்தப் பாதையில்தான் அதைப் பார்த்தேன். கறுப்பாக, ஒரு முழம் நீளத்தில், நெளிந்து நெளிந்து மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"பாம்புக்கா!" என்று கத்திவிட்டேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "பாம்பில்ல புள்ள, தேளி மீனு. மீசையப் பாரு."

தட்டைத் தலை, வாயைச் சுற்றிலும் மீசை. செதிலே இல்லை. கன்னத்துப் பக்கத்துச் செட்டைகளை இரண்டு கைபோல மண்ணில் ஊன்றி, உடம்பை ஒரு வெட்டு வெட்டி முன்னே போனது. நின்றது. மறுபடியும் ஊன்றியது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால், கானுக்குள், கறுத்த முதுகுகளாகவே தெரிந்தன. கீழே வயலிலிருந்து அவ்வளவு தூரமும் ஏறி வந்திருக்கின்றன. அடைப்பைக் கண்டதும் தண்ணீரை விட்டு வெளியே வந்து, பாதை வழியாக அதைச் சுற்றிக் கடந்து, மேற்கானில், அதாவது அடைப்புக்கு மேலே உள்ள கானில், விழுந்து திரும்பவும் நீந்தின.

"இதுக இப்பிடி ஏறுமாக்கா?"

"வயல்ல கெடக்கும், பாத்துருக்கேன். மலையேறி நானும் பாத்ததில்ல." தரையில் மீன் நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், மழை கொட்டுகிறது, யாருக்கும் கை ஓடவில்லை.

"ஏய், நிரைய விட்டுட்டு அங்க என்னா வேடிக்க?" என்று கத்திக்கொண்டே கங்காணி இறங்கி வந்தார். வந்தவர் பாதையைப் பார்த்தார். பிடித்திருந்த குடை தானாகச் சரிந்தது. நனைந்துகொண்டே நின்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒருத்தரும் மிதிச்சிராதீங்க" என்றார், கோயிலுக்குள் பேசுகிற குரலில்.

அக்காவுக்குத்தான் முதலில் வீட்டுக் கறிச்சட்டி நினைப்பு வந்தது. இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்து விரித்துவிட்டு, குனிந்து ஒன்றைக் கழுத்தோடு பிடித்தாள். அடுத்த நிமிஷம் "ஐயோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் மலையே திரும்பிப் பார்த்தது. செட்டையில் இருந்த முள் வலது உள்ளங்கையில் ஏறிவிட்டது. மீன் நழுவிப் போனது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேயிலை மரத்தடியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். கை கண் முன்னாலேயே வீங்கியது. "தோள் வரைக்கும் நெருப்பு மாதிரி எரியுது, நான் செத்துருவேன்" என்றாள். பிள்ளைப் பேற்றுக்கே கத்தாதவள் அப்படி அழுததைக் கண்டு நான் கூடையை இறக்கிவிட்டு அவள் பக்கத்தில் குந்தினேன்.

அப்போதுதான் கீழேயிருந்து ஒரு சிங்கள ஆள் பிரம்புக் கூடையோடு ஏறி வந்தார். வயலின் சொந்தக்காரர். மீன்களின் பின்னாலேயே வந்திருக்கிறார். அக்காவின் கையைப் பார்த்ததும் கூடையைக் கீழே போட்டார்.

"உணு வத்துர! உணு வத்துர!"

சுடுதண்ணி கேட்கிறார் என்று கங்காணிக்கு விளங்கியது. நடு மலையில் சுடுதண்ணிக்கு எங்கே போவது? அந்த நேரம் பார்த்து, லயத்திலிருந்து தேத்தண்ணி தூக்குகிறவர் சாக்கு சுற்றிய வாளியோடு வந்து சேர்ந்தார். இருபது பேருக்கான தேத்தண்ணி. எல்லாரும் கங்காணியைப் பார்த்தோம்.

"என்னாத்தப் பாக்குறீங்க? கைய உள்ள வைக்கச் சொல்லு!"

வயல்காரர் முதலில் தன் விரலை விட்டுச் சூடு பார்த்தார். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றி விளாவினார். பிறகு அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக இறக்கினார். "பய வென்ன எப்பா, நங்கி." பயப்படாதே தங்கச்சி. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அழுகை விம்மலாகி, விம்மல் நின்றது.

"கொறையுதுக்கா?"

"கொறையுது. தேத்தண்ணியில சீனி போட்டிருக்காங்க புள்ள, பிசுபிசுங்குது."

எல்லாரும் சிரித்துவிட்டோம், வயல்காரர் உட்பட. அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது.

பிறகு அவர் எப்படிப் பிடிப்பது என்று எங்களுக்குக் காட்டினார். செட்டைகளுக்குப் பின்னால் விரலைக் கொடுத்து, முள் விரியாமல் தலையை அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஆனால் பிடித்த எல்லாவற்றையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. வயிறு உப்பியிருந்தவற்றைத் தூக்கி, "பித்தர, பித்தர" என்று சொல்லி, அடைப்புக்கு அந்தப் பக்கம் மேற்கானில் விட்டார். முட்டையிடத்தான் போகின்றன. ஒன்று அவர் கையை விட்டதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் எதிர்த்தண்ணீரில் போனது. மெலிந்தவற்றில் கொஞ்சம் தன் கூடைக்கு எடுத்துக்கொண்டு, நான்கை எங்களுக்குக் கொடுத்தார்.

படங்கில் சுற்றிக் கொழுந்துக் கூடைக்குள் அடியில் வைத்தேன். மத்தியானம் நிறுவையில் என் கூடை ஆடியதைக் கண்டு கணக்கப்பிள்ளை பின்னால் நகர்ந்தது தனிக் கதை. சாயந்திரம் லயத்தில் படங்கை அவிழ்த்தபோது நான்கும் உயிரோடு இருந்தன. அத்தனை மணி நேரம் தண்ணீரே இல்லை. வாயைத் திறந்து திறந்து மூடின. என்னால் அறுக்க முடியவில்லை. அக்காவின் புருஷன் சாம்பல் தொட்டு அறுத்தார்; நான் புளி கரைத்தேன். மற்றவர்களைவிட நான்தான் அதிகம் சாப்பிட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அவ்வளவு ருசி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் சதுப்புக்கு ஏறிப் போனோம். கலங்கிய தண்ணீர், கோரைப் புல், எருமைக் குளம்படிகள். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. நான் திரும்பிப் போகப் பார்த்தேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

தண்ணீர் நடுவில் ஒரு மூஞ்சி மேலே வந்து, 'ப்ச்' என்று காற்றை விழுங்கிவிட்டு உள்ளே போனது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு இடத்தில். பிறகு அங்கே, பிறகு இங்கே. தண்ணீருக்குள் இருக்கிற ஒன்று காற்றுக்காக மேலே வருவதை அன்றுதான் கண்டேன்.

அதன் பிறகு வேலை முடிந்து போகும்போதெல்லாம் அங்கே ஒரு சுற்றுப் போனேன், அக்காவையும் இழுத்துக்கொண்டு. சில வாரத்தில் கோரையடியில் கறுப்பு மை கொட்டியதுபோல ஒரு திட்டு நகர்ந்தது. உற்றுப் பார்த்தால் அத்தனையும் குஞ்சு. என் நகத்தளவுதான் இருக்கும், அதற்குள் மீசை முளைத்திருந்தது. ஒன்று பிரிந்து வந்து, புள்ளி மாதிரி ஒரு குமிழியை மேலே விட்டுவிட்டு ஓடியது.

"அக்கா, இங்க வாங்க, இங்க வாங்க."

அவள் வந்து குந்தினாள். இருட்டுகிறது, சோறாக்க வேண்டும், கீழே அவளுடைய சின்னவன் பசியில் கூப்பிடுகிற சத்தம் கேட்கிறது. இரண்டு பேரும் எழும்பவில்லை.