கள்ள ஓட்டில் முதலிடம்

எழுபதுகளின் கடைசியில் ஒரு சோகப் பாட்டு ரேடியோவில் வாரம் வாரமாக ஏறி முதலிடத்துக்கு வந்தது. அதற்குக் கள்ள ஓட்டுப் போட்டவன் நான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. யாரிடம் சொல்லியிருக்க வேண்டுமோ, அவள் இப்போது இல்லை.

தபேலா இல்லாத பாட்டு அது. ஒரு கிதார், பின்னால் மெல்லிய பியானோ, விட்டுப்போனவளை நினைத்துக் குரலை உயர்த்தாமல் பாடும் ஒருவன். பாடுகிறவனுக்குக் காய்ச்சல் என்பார் அப்பா. அப்பாவின் தங்கையான அத்தைக்கு அந்தப் பாட்டு உயிர். கப்பலூரில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்தாள். ஞாயிறுதோறும், கடலுக்கு அப்பாலிருந்து வரும் ரேடியோவில் பத்துப் பாட்டுகளை வரிசைப்படுத்திப் போடுவார்கள். நேயர்கள் கார்டில் எழுதும் ஓட்டுதான் கணக்கு. ஓட்டுப் போட்டவர்களின் பெயரையும் ஊரையும் வாசிப்பார்கள். அந்தப் பாட்டு தொடங்கியதும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கும் அத்தையின் கை நின்றுவிடும்.

முந்தைய வருடம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகையும் அடித்த பிறகு, திருச்சிக்கார மாப்பிள்ளை மனம் மாறிவிட்டார். மிஞ்சிய பத்திரிகைகள் வீணாகக் கூடாது என்று, அவற்றின் வெற்றுப் பின்பக்கத்தில் என்னைக் கணக்குப் போடச் சொன்னார் அப்பா. அத்தையின் கல்யாணத்துக்குப் பின்னால் நான் வகுத்தல் பழகிக்கொண்டிருந்தேன்.

பாட்டு இரண்டாம் இடத்தில் வந்து நின்றுவிட்டது. இதற்கு மேல் ஏறாது போல என்றாள் அத்தை. அவள் சும்மா சொன்னதுதான், எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாவின் மேசையிலிருந்து பதின்மூன்று கார்டுகளை எடுத்தேன். ஓட்டுக்குப் பெயர்கள் வேண்டுமே. கணக்குத் தாளைத் திருப்பினால் அத்தனையும் பிழையில்லாமல் அச்சில் கிடந்தன. மணமகள், மணமகன், மணமகனின் அப்பா, அம்மா, பெரியப்பா என்று பத்திரிகையின் வரிசைப்படியே எழுதி, எல்லோருக்கும் எங்கள் கோச்சடையையே ஊராகப் போட்டு, தபால் பெட்டியில் சேர்த்தேன்.

இரண்டு வாரத்தில் பாட்டு முதலிடத்துக்கு வந்தது. பதின்மூன்று கார்டால் அது நடந்திருக்காது என்று இப்போது தெரிகிறது; அன்று எனக்குச் சந்தேகமே இல்லை. அறிவிப்பாளர் குழைந்த குரலில், மதுரை கோச்சடையிலிருந்து என்று தொடங்கி, அத்தையின் பெயரையும் அந்த மாப்பிள்ளையின் பெயரையும் அடுத்தடுத்து வாசித்தார். நான் கைதட்டினேன். அம்மா ஓடிவந்து ரேடியோவை அணைத்தாள்.

அப்போது அத்தைக்குக் கொட்டாம்பட்டியில் ஒரு வரன் கூடி வந்திருந்தது. பழைய சம்பந்தத்தோடு பேச்சு வார்த்தையே கிடையாது என்று அப்பா அவர்களிடம் உறுதி சொல்லியிருந்தார். கொட்டாம்பட்டியிலும் ரேடியோ இருந்தது. செவ்வாய்க்கிழமை புது மாப்பிள்ளையின் தாய்மாமா வந்தார். காபியைத் தொடவில்லை.

"திருச்சிப் பையன்னுல்ல சொன்னீக? இப்பக் கோச்சடைக்கே குடி வந்துட்டாரோ?"

கேட்டுவிட்டு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். சம்பந்தம் அதோடு முடிந்ததாகத்தான் எல்லோருக்கும் பட்டது.

அவர் தெருமுனை தாண்டியதும், கார்டு போட்டது யார் என்று அப்பா கேட்டார். அப்பாவின் கை எத்தனை கனம் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் முதலிடம் சாதாரணமா? நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

"நாந்தேண்ணே எழுதிப் போட்டேன்."

ரேடியோவில் அந்தப் பெயர்களைக் கேட்டதுமே, பத்திரிகைத் தாளில் கணக்குப் போடுகிறவனின் வேலை என்று அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். கார்டு போட்டது நான் என்று அவள் சொல்லியிருந்தால் அந்த வரன் ஒருவேளை தப்பியிருக்கும். என் முதுகு தப்பியிருக்காது. அப்பா ஓங்கிய கையைக் கீழே போட்டுவிட்டு வெளியே போனார். அத்தையோடு பேச அவருக்கு ஒரு வருடமாயிற்று. பிறகு வரன் எதுவும் அமையவில்லை. கப்பலூரிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். ஒருநாளும் அந்தக் கார்டுகளைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. எத்தனையோ முறை அருகில் உட்கார்ந்தும் நானாகச் சொன்னதுமில்லை.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். பாட்டை முதலிடத்துக்குக் கொண்டுவந்தவன் நான். பெயரைத் தட்டிக்கொண்டு போனது அத்தை. நான்கு நாள் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் வேலையிலிருந்து வந்தவள், பையைக்கூடக் கீழே வைக்காமல் என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"அத்தை மேல இம்புட்டுக் கோவமா? மன்னிச்சுருய்யா மருமகனே."

நான் கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பி வைத்திருந்துவிட்டு, போனால் போகிறது என்று மன்னித்தேன்.