சூடு தாங்காத கிண்ணம்

தொண்ணூறுகளில் பலெர்மோவில் நான் வேலை செய்த வீடு பொலிதேயாமா தியேட்டருக்குப் பின்னால், நாலாம் மாடியில் இருந்தது. வீட்டில் சிஞ்ஞோரா, அதாவது வீட்டுக்கார அம்மா, மட்டும்தான். எழுபதைத் தாண்டிய விதவை. சாப்பாட்டறை அலுமாரியில் தடித்த கண்ணாடிப் பாத்திரங்கள் வைத்திருந்தார்: கிண்ணங்கள், மூடி போட்ட சீனிச்சாடி, கால் வைத்த பழத்தட்டு. எல்லாவற்றிலும் வைரம் பட்டை தீட்டியது போன்ற வேலைப்பாடு. அவருடைய தகப்பனார் இளவயதில் அமெரிக்காவுக்குப் போய்க் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். திரும்பி வரும்போது வைக்கோலில் பொதிந்து கொண்டுவந்த பாத்திரங்கள் அவை.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் அவற்றைக் கழுவச் சொல்லிவிட்டு சிஞ்ஞோரா பூசைக்குப் போனார். குளிர்ந்து கிடந்த கிண்ணமொன்றில் கேத்தலில் கொதித்த தண்ணீரை அப்படியே ஊற்றினேன். சின்னதாக ஒரு சத்தம். விளிம்பிலிருந்து அடிவரை பிளந்து இரண்டாகிவிட்டது.

துண்டுகளைப் பேப்பரில் சுற்றி என் பையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த என் கணவர், கேட்டதும் பயந்துபோனார்.

"குப்பையிலை போட்டிட்டுச் சும்மா இரு. அவ கையெழுத்து வைச்சால்தானே உன்ரை பெர்மெசோ விசாவைப் புதுப்பிக்கலாம். கேட்டால் தெரியாதெண்டு சொல்லு."

"அந்த வீட்டிலை நானும் அவவும்தான். எப்பிடித் தெரியாதெண்டு சொல்லுறது?" என்றேன்.

மறுநாள் காலை இரண்டு துண்டுகளையும் சிஞ்ஞோராவுக்கு முன்னால் மேசையில் வைத்தேன். எனக்குத் தெரிந்த கொஞ்ச இத்தாலியனும் வாயில் வரவில்லை. "சூடு. தண்ணி. நான்," என்று மட்டும் சொன்னேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு துண்டை வெளிச்சத்தில் திருப்பினார். எனக்கு விளங்கவேண்டும் என்று மெதுவாக, கையால் செய்து காட்டிக் கதைத்தார். ஒருவர் இரும்புக் கோலின் நுனியில் உருகிய கண்ணாடியைக் கொண்டுவருவாராம். அச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் தகப்பனார் வேண்டிய அளவு அச்சுக்குள் விழ, மிச்சத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவாராம். கூடினால் அடி தடிக்கும், குறைந்தால் விளிம்பு நிரம்பாது. கண்தான் அளவு. பிறகு நெம்புகோலை இழுக்க, மேலிருந்து ஓர் இரும்புக் குத்தி இறங்கிக் கண்ணாடியை அச்சின் வேலைப்பாட்டுக்குள் அழுத்தும். வெளியே எடுத்த கிண்ணம் நீளச் சூளைக்குள் மெல்ல மெல்ல ஆறவேண்டும்.

"கெதியா ஆறினால் உள்ளுக்கை ஒரு இழுவை நிண்டிடும். வெளியிலை தெரியாது. எத்தினை வருசம் போனாலும் ஒருநாள் வெடிக்கும். இது உன்ரை கைப்பிழை இல்லை," என்றார்.

நான் நம்பவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். எழும்பிப் போய்க் கேத்தலைக் கொதிக்க வைத்தார். அலுமாரியிலிருந்து அதே மாதிரி இன்னொரு கிண்ணத்தை எடுத்துத் தொட்டிக்குள் வைத்தார்.

"வேண்டாம், சிஞ்ஞோரா," என்று அவர் கையைப் பிடித்தேன். என் கையை விலக்கிவிட்டு ஊற்றினார். ஆவி எழும்பியது. இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் ஆகவில்லை.

"பார், இது வடிவா ஆறினது," என்றபடி துணியால் பிடித்துத் தண்ணீரைக் கொட்டினார். பிறகு கதிரையில் உட்கார்ந்து, விளிம்பில் கீறல் இருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பார்த்தார்.

குளிர்ந்த கண்ணாடியில் கொதிநீர் பட்டால் நன்றாக ஆறின கிண்ணமும் வெடிக்கும் என்று பல வருடங்களுக்குப் பிறகு அறிந்தேன். கண்ணாடித் தொழிலாளியின் மகளுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

அந்த வருடமும் அவர் என் பத்திரத்தில் கையெழுத்து வைத்தார். கொதிநீர் ஊற்றிக் காட்டிய அன்றே, மிச்சப் பாத்திரங்களை இளஞ்சூட்டு நீரில் நான் கழுவ, அவர் பக்கத்தில் நின்று துடைத்தார்.