மச்சானுக்கு வைத்த அளவு

மலை ஏறும்போது என் மச்சான் செருப்பைக் கழற்றிவிடுவான். பக்தியெல்லாம் இல்லை, வெறுங்காலால் ஆக்சிலேட்டரை மிதித்தால்தான் வண்டி என்ன சொல்கிறது என்று தெரியுமாம். பக்கத்து இருக்கையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, காய்த்துப்போன அந்தப் பாதத்தை நான் பார்த்த காலைப்பொழுது இன்னும் கண்ணில் நிற்கிறது. பின்னால் சிமெண்டு மூட்டைகள். அவற்றின்மேல், பஸ்ஸுக்குக் காத்து அலுத்துப்போன ஊர்க்காரர்கள். கொண்டை ஊசி வளைவில் வண்டி முனகியது.

"பாத்தியா மாமா? நா மிதிக்கிறேன், அது யோசிக்குது. வண்டி இன்னாத்துக்கு யோசிக்கணும்? யோசிக்கறதுக்குத்தான் எங்க அக்கா இருக்குதே, உனக்கும் சேத்து!"

அக்கா என்றது என் மனைவியை. நாங்கள் எல்லோரும் ஜவ்வாது மலைக்காரர்கள்தான். நான் மட்டும் கீழே இறங்கிக் கண்ணமங்கலத்தில் கடை போட்டேன். இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்குகளை மாற்றி எழுதுவது என் தொழில். அதை விளக்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். கம்ப்யூட்டர் மெக்கானிக் என்று கேள்விப்பட்டு ஒரு பெரியம்மா டிவி ரிமோட்டைக் கொண்டுவந்தார். அதையும் என்னால் சரிசெய்ய முடியவில்லை. நான் ஸ்பேனரைத் தொட்டாலே, "அத கீழ வெச்சிடு மாமா, கொயந்த கையில கத்தி இருக்கறமாரி கீது" என்பான் மச்சான்.

வண்டி ஏன் யோசிக்கிறது என்று அன்று அவனுக்குச் சொன்னேன். பழைய வண்டியில் மிதித்தால் கம்பி இழுக்கும், அவ்வளவுதான். இப்போதைய வண்டியில் மிதிப்பது வெறும் மனு. சக்கரத்தைச் சுழற்ற இந்த ஆள் எவ்வளவு முறுக்குவிசை கேட்கிறான் என்று கம்ப்யூட்டர் முதலில் கணக்குப் போடும். இந்தக் கியரில் எவ்வளவு தரலாம், கியர்பாக்ஸ் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து, எது குறைவோ அதை மட்டும் அனுமதித்து, அதற்கேற்ற டீசலை விடும். அப்புறம், விட்ட டீசலுக்கு எவ்வளவு விசை கிடைத்திருக்கும் என்று தனியாக இன்னொரு கணக்கு. கேட்டதைவிடக் கொடுத்தது அதிகமாகத் தெரிந்தால், யாரோ விளையாடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு வண்டியின் வேகத்தைப் பிடுங்கிவிடும். டீசலை மட்டும் கூட்டிவிட்டு மீசையை முறுக்கினால் பாதி மலையில் நிற்க வேண்டியதுதான். அப்படி நின்ற வண்டியைத் தள்ளிய அனுபவம் எனக்கு உண்டு. அப்போது எனக்கு மீசையும் சரியாக முளைத்திருக்கவில்லை.

அவன் வயதுக்காரர்கள் எல்லாம் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். சொந்தமாக அந்த லோடு வண்டி இருந்ததால்தான் இவன் மலையில் இருந்தான். கியர்பாக்ஸ் போனால் இவனும் போவான். ஆகவே விசையைக் கூட்டி, இரண்டு கணக்கையும் ஒத்துப்போகவைத்து, பற்களுக்கு அதிகப் பாரம் விழும் கீழ்க் கியர்களுக்கு மட்டும், இதற்குமேல் கிடையாது என்று ஓர் அளவை விட்டுவைத்தேன். வண்டி முன்னைவிட நன்றாகவே ஏறியது. அளவு என்ற சொல்தான் ஏறவில்லை.

"இன்னா மாமா, சொந்த மச்சானுக்கே அளவு சாப்பாடா?" முதலில் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். எங்கள் பக்கம் மச்சானுக்குச் சோறு போட்டால், போதும் என்று அவன்தான் சொல்லவேண்டும். கரண்டி பிடித்தவன் சொல்லக்கூடாது. நான் கியர்பாக்ஸின் பற்களைப் பற்றிப் பேசினேன். அவன் மரியாதையைப் பற்றிப் பேசினான்.

"ஊரான் வண்டிக்கு அள்ளிக் குடுக்கற, எனக்கு மட்டும் கிள்ளிக் குடுக்கறியா?"

"ஊரான் வண்டி ஒடஞ்சா எனக்கு இன்னா மச்சான்? உன் வண்டி ஒடஞ்சா உங்க அக்கா என்னை ஒடச்சிடும்."

இதைவிட மட்டமான நகைச்சுவைக்கெல்லாம் விழுந்து சிரிப்பவன். அன்று சிரிக்கவில்லை.

வேறு ஊரில் இதே தொழில் செய்யும் ஒருவரிடம் போனான். அவர் எல்லா அளவையும் எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் கண்டுபிடிக்காமலிருக்க, கொடுத்ததைக் குறைத்துக் காட்டும்படி இரண்டாவது கணக்கையும் மாற்றிவிட்டாராம். அதுவும் நம்பியது. சாமை அறுவடை முடியும்வரை வண்டி பறந்தது. பிறகு ஒரு வளைவில் கியர்பாக்ஸின் பற்கள் நொறுங்கின. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. "நா ஏமாந்தா பரவால்லக்கா, கம்ப்யூட்டரே ஏமாந்துட்ச்சே" என்றானாம். அக்காவிடம்தான், என்னிடம் இல்லை. வண்டியைக் கிடந்த நிலையிலேயே விற்றுவிட்டுப் பெங்களூர் போய்விட்டான்.

நான் சொன்னதுதான் சரி என்று இப்போது ஊரே ஒப்புக்கொள்கிறது. என் வாழ்க்கையில் நான் சரியாகச் சொன்னவை மிகக் குறைவு. அவற்றில் ஒன்று இப்படியா ஆகவேண்டும்? அவன் தட்டைப் பார்த்துக் கரண்டியை நிறுத்தியவன் நான் என்பதுதான் அவன் மனதில் நின்றுவிட்டது. அதை மாற்றி எழுத என் லேப்டாப்பில் வழியில்லை.

பொங்கலுக்குப் பேசினான். கம்பெனி வேன் ஓட்டுகிறானாம்.

"ஸ்பீடு லாக் போட்டு வெச்சிருக்காங்க மாமா. எவ்ளோ மிதிச்சாலும் அதுக்குமேல போவாது."

"சண்ட போட்டியா?"

"அவங்களோட இன்னா சண்ட? அவங்க இன்னா எனக்கு மாமாவா?"

"ஊருக்கு எப்ப வர்ற மச்சான்?" என்று மட்டும் கேட்டேன்.

"வர்றேன் மாமா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

என்ன சொன்னான் என்று மனைவி கேட்டாள். வருகிறானாம் என்றேன். எங்கள் ஊரில், கிளம்பிப் போகிறவர்களும் 'வர்றேன்' என்றுதான் சொல்வார்கள் என்பது அவளுக்கும் தெரியும்.