உறுதியில் இல்லாத பெயர்

கிளிநொச்சிச் சந்தையிலிருந்து நடந்தே வந்துவிடலாம் எங்கள் ஒழுங்கைக்கு. இரு பக்கமும் வேம்பும் மாவும் நிற்க, உயர்ந்த மதில்களுக்குள் மாடி வீடுகள். பாதி வீடுகளில் ஆட்கள் இல்லை, எல்லாரும் கனடாவில். இங்கே நாங்கள் வீடு கட்டியதில் எங்கள் சொந்தபந்தங்களுக்கு வயிற்றெரிச்சல். எனக்குள் இருக்கும் பயம் அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

வெளிநாட்டில் இருப்பவருடைய காணி என்று சொல்லி ஒரு தரகர் முடித்துத் தந்தார். விற்றவரை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. காணி உறுதிப் பத்திரத்தில் அவர் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். உண்மையான உரிமைக்காரர் வேறு யாராவது என்றால் காணியும் போய்விடும், வீடும் போய்விடும். கணவரிடம் சொன்னால், “நீர் சும்மா கண்டதையும் யோசிக்கிறீர்” என்பார்.

போன மாரி மழைக்கு முன், ஒரு காலையில், பலாக்கன்று நட அவர் அடுப்படிக்குப் பின்னால் கிடங்கு வெட்டினார். அலவாங்குக் கம்பி எதிலோ பட்டு ணங் என்றது. போர் நடந்த இந்த மண்ணில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் இரண்டாம் தரம் குத்தமாட்டார்கள்.

“அசையாதேங்கோ!” என்று கத்தினேன்.

அவர் மெல்லக் குனிந்து, விரலால் மண்ணை விலக்கினார். “குண்டில்லையப்பா. அண்டா.”

போரில் இடம்பெயர்ந்தபோது முரசுமோட்டை வீட்டில் என் தையல் மெசினை நானும் இப்படித்தான் புதைத்துவிட்டு வந்தேன். திரும்பி வருவோம் என்ற எண்ணம் இல்லாமல் யாரும் புதைப்பதில்லை.

அண்டாவுக்குள் சில்வர் தட்டுகளும் செம்புகளும். கலியாண வீடுகளுக்கு இரவல் போனால் மாறிவிடும் என்று நாங்கள் பெயர் வெட்டிவைப்போமே, அதுபோல ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் பெயர். எங்கள் உறுதியில் எந்த மூலையிலும் இல்லாத பெயர்.

நான் கத்தியதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார்.

“ஆருடைய சாமான் தங்கச்சி?”

“எங்கடதான் அக்கா.” பொய் தானாக வாயில் வந்தது.

அவர் ஒரு தட்டை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, பெயரை வாசித்தார். முகம் மலர்ந்தது.

“அப்ப அந்த மனிசி உங்களுக்குச் சொந்தமே? போன கிழமை உங்கட மதிலடியில கனநேரம் நிண்டவா. பேர் கேட்டனான், இதைத்தான் சொன்னவா. நீங்கள் வீட்டில இல்லை எண்டதும், பிறகு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவா.”