காதில் வைத்துப் பார்த்த வாட்சுகள்

அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தெட்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. ஐம்பத்து நான்கு வயதாகியும் ஓரிடத்தில் உட்காரத் தெரியாத மனிதர். நின்றுகொண்டே சாப்பிடுவார், நடந்துகொண்டே போன் பேசுவார், யாராவது மரியாதைக்கு நாற்காலி போட்டால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "இந்த மனுஷன் கால்ல வெந்நிய ஊத்திக்கிட்டே பொறந்திருப்பார் போல" என்பது அவர் மனைவியின் கணிப்பு. அந்த அம்மாள் ஓர் அச்சகத்தில் பிழை பார்ப்பவர். கணவர் விஷயத்திலும் அவர் பார்வைக்கு எதுவும் தப்பியதில்லை.

அப்படிப்பட்டவர் தினமும் காலையில் கால் மணி நேரம் மட்டும் கட்டில் ஓரத்தில் ஒடுங்கி உட்காருவார். அலமாரியின் இரண்டாவது இழுப்பறையில், மடித்துப் போட்ட பழைய துண்டின் மேல் பதினொரு வாட்சுகள் கிடக்கும். எல்லாம் சாவி கொடுத்து ஓடுபவை. சில அவரைவிட மூத்தவை. ஒவ்வொன்றாக எடுத்துச் சாவி கொடுப்பார். எந்த வாட்சுக்கு எத்தனை சுற்று என்பது விரலுக்கே தெரியும். இறுகும் இடம் வந்ததும் விரல் தானாக நின்றுவிடும். பிறகு வலது காதில் வைத்துக் கேட்பார். ஓட்டம் காதில் விழுந்தால்தான் அடுத்ததைத் தொடுவார். கடைசியில், இன்றைக்கு யார் கூட வருகிறீர்கள் என்று கேட்காத குறையாக ஒன்றைக் கையில் கட்டுவார். மத்தியானம் மனசு மாறுமே என்று இன்னொன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மனசு கட்டாயம் மாறும்.

"நேரம் பார்க்கத்தான் போன் இருக்கே, இது எதுக்கு இத்தனை?" என்று மனைவி ஆரம்ப காலத்தில் கேட்டதுண்டு.

"பேட்டரி வாட்சுக்கு நான் யாரு? நான் இருந்தாலும் ஓடும், இல்லைன்னாலும் ஓடும். இது அப்படியில்ல. காலையில நான் தொடலைன்னா மறுநாள் நின்னுடும்."

"எனக்கும் ஒரு சாவி இருந்திருந்தா தினம் ஒரு தடவை என்னையும் கண்ணெடுத்துப் பார்த்திருப்பீங்க."

அவர் அடுத்த வாட்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். ஆனால் சாவி மட்டும் காரணமில்லை. ஒரு வாட்சின் கண்ணாடியில் கீறல் எல்லாம் ஒரே பக்கமாக இருக்கும். யாரோ ஒரு ஆள் வருடக்கணக்காக ஒரே கதவில் கையை இடித்துக்கொண்டிருக்கிறான். இன்னொன்றின் முதுகு யாருடைய வியர்வையிலோ தேய்ந்து கூழாங்கல்லைப்போல வழவழப்பாகிவிட்டது. அதையெல்லாம் பாலிஷ் போட்டுப் புதிதாக்குகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. முன்பின் தெரியாத ஒருவனுடைய வாழ்க்கையைக் கையில் கட்டிக்கொண்டு தெருவில் நடப்பதில் அவருக்கு ஒரு கள்ளச் சந்தோஷம் இருந்தது. நிலைகொள்ளாத மனசு அந்த நேரத்தில்தான் கொஞ்சம் அடங்கும்.

வேலைக்குப் போகிற இடத்திலும் முகத்தைப் பார்க்கமாட்டார், மணிக்கட்டைத்தான் பார்ப்பார். எதிரில் வருகிறவர் பழைய வாட்ச் கட்டியிருந்தால் லிஃப்ட் நின்றுபோன கதையே மறந்துவிடும். "இது உங்க அப்பாவோடதா? கொஞ்சம் கழட்டித் தர்றீங்களா?" என்று கேட்டு, காதில் வைத்து, திருப்பிக் கொடுப்பார். பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார். சிலரிடம் பேசிப் பேசியே மாற்றிக்கொண்டு வந்துவிடுவதும் உண்டு.

தொழிலிலும் காதுதான் அவருக்கு மூலதனம். மாடிக்கு மேலே இருக்கும் மெஷின் ரூமில், நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங் மூடியில் ஊன்றி, கைப்பிடியை வலது காதில் வைத்துக் கேட்பார். மோட்டாருக்குள் என்ன தேய்கிறது, எது உலர்ந்திருக்கிறது என்று அப்படியே சொல்லிவிடுவார். மற்றவர்கள் மீட்டர் வைத்துப் பார்க்கும்போது இவர் காதை வைத்துவிட்டு, குறையில்லை என்று ஏட்டில் கையெழுத்துப் போடுவார். கம்பெனியும் மறுபேச்சுப் பேசாது. உள்ளே போகுமுன் வாட்சைக் கழற்றிச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு வெளிப்படியில் வைத்துவிடுவார். மோட்டாரின் காந்தம் ஏறினால் பழைய வாட்சுகள் தறிகெட்டு ஓடும் என்பதால் அப்படி ஒரு கட்டுப்பாடு.

பள்ளிக்கூடங்கள் திறந்த வாரத்தில்தான் வினை ஆரம்பித்தது. பதினொன்றில் மிகச் சின்னது, ஒரு பெண்கள் வாட்ச். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அன்று காதில் வைத்தபோது அதன் ஓட்டம் சோர்ந்திருந்தது. மறுவாரம் சத்தமே இல்லை. முள் மட்டும் நகர்ந்தது. ஓடுகிறது, ஆனால் உயிர் இல்லாமல் ஓடுகிறது என்று தீர்மானித்தார். பிறகு சதுர வாட்ச், அதற்கடுத்து வெள்ளை முகப்புள்ளது என்று ஒவ்வொன்றாக வாயை மூடின.

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காந்தம் ஏறிவிட்டதோ என்று திசைகாட்டி வாங்கி வந்து ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தார், ஊசி அசையவில்லை. எண்ணெய் உலர்ந்திருக்கும் என்று வாட்ச்காரரிடம் கொடுத்தார். பதினைந்து வருடப் பழக்கம். மாடிப்படிக்கு அடியில் ஆள் ஒருவர் மட்டும் அடங்கும் கடை. நெற்றியில் பூதக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "ஒரு குறையும் இல்லைண்ணே" என்று அவர் திருப்பிக் கொடுத்தார். வீட்டில் காதில் வைத்தால் அதே மௌனம். மறுபடி போனார். மறுபடி குறையில்லை. நாளுக்கு இரண்டு வாட்ச் மாற்றியவர் ஐந்து மாற்றினார். காலையில் கால் மணி நேரம் ஒரு மணி நேரமானது. துணி துவைக்கிற மெஷின் வேலை முடிந்து கூவிக்கொண்டே இருக்கும். பக்கத்திலேயே நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேலைக்குக் கள்ளம் என்று மனைவி நினைத்துக்கொண்டார். அந்தச் சத்தத்துக்குச் செவி சாய்க்கிற புருஷனை அவர் எங்கேயும் கண்டதில்லை.

அதற்கு நடுவில் ஒரு நாள் மனைவி சொன்னார்: "எங்க ஆபீஸ் லிஃப்ட்ல ஏதோ சத்தம் வருதுங்க. நாலாவது மாடிக்குப் போறதுக்குள்ள பல் கூசுது."

"நேத்துதான் நான் போய்ப் பார்த்தேன். காதை வெச்சுக் கேட்டாச்சு. ஒண்ணுமில்ல. உனக்கு எழுத்துலயும் பிழை, லிஃப்ட்லயும் பிழை."

அந்த அம்மாள் விட்டுவிட்டார். பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது.

வாட்ச்காரரை மட்டும் லிஃப்ட்காரர் விடவில்லை. மறுவாரம், தடித்துக் கனத்த ஒன்றும் இன்னொரு பெரியதும் தவிர ஒன்பது வாட்சுகள் ஊமையானபோது, அந்த ஒன்பதையும் பையில் போட்டுக்கொண்டு காலை பத்து மணிக்குக் கடை முன்னால் போய் நின்றார். கோபம் மூக்குக்கு மேல் இருந்தது.

"உண்மையைச் சொல்லு. உள்ள இருந்த நல்ல சாமானை எடுத்துட்டு வேற எதையோ மாட்டிட்டே, அதானே?"

வாட்ச்காரரின் முகம் சுண்டிப்போனது. இன்னொருவர் என்றால் பையைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பார். அவர் முதல் வாட்சை எடுத்து, ஓட்டத்தைச் சோதிக்கும் சின்ன மெஷினில் வைத்தார். திரையில் கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேராகப் போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தன் காதில் வைத்தவர், லிஃப்ட்காரரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. வலது காதுகிட்ட வைக்கிறேன். கேட்ட உடனே சொல்லுங்க."

லிஃப்ட்காரர் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றார். ஒரு சைக்கிள் போனது. எதிர்க்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினார். பொறுமை போனது.

"வைக்கிறதுன்னா வையேன். எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"வெச்சு ஒரு நிமிஷம் ஆச்சுண்ணே."

அவர் திரும்பவில்லை. வாட்ச்காரர் பின்னாலிருந்தே கையை நீட்டி இடது காதில் வைத்தார். ஏதோ தூரத்தில், எறும்பு ஊர்வதுபோல, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒன்று.

"பேசுறது நல்லாத்தானே கேக்குது எனக்கு?" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

"பேச்சு கேக்கும்ணே. எங்க மாமாவுக்கும் இப்படித்தான். மெல்லிசான சத்தம்தான் முதல்ல போகும். டாக்டரைப் பாருங்க. வாட்ச் எல்லாம் நல்லா இருக்கு."

ஒன்பது வாட்சும் நலம் என்ற செய்தி. நாலு மாதமாக அதற்காகத்தான் நாயாய் அலைந்தார். கேட்டதும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் மனசு வாட்சில் இல்லை. மெஷின் ரூமில் இருந்தது, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியில் இருந்தது. 'காதை வெச்சுக் கேட்டாச்சு, ஒண்ணுமில்ல.' பையைக் கடையிலேயே போட்டுவிட்டு ஓடினார். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அந்த வெட்கம் பிறகு வந்து அவரைப் பிடுங்கித் தின்றது, அது வேறு.

அச்சகக் கட்டிடத்துக்குள் நுழைந்ததும் லிஃப்டிலிருந்து இரண்டு பேரை இறக்கினார். 'வேலை நடக்கிறது' பலகையை மாட்டினார். நாலு மாடியும் படியேறி, மூச்சு வாங்க மனைவியின் மேஜைமுன் நின்றார்.

"எழுந்து வா."

"என்னாச்சு? யாருக்கு என்ன?"

"வா, சொல்றேன்."

மெஷின் ரூம் வாசலில் வாட்சைக் கழற்ற மறந்துவிட்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி மறந்ததே இல்லை. மோட்டாரைக் காட்டி, ஸ்க்ரூ டிரைவரை மனைவியின் கையில் கொடுத்தார். முனையை அவரே பேரிங் மூடியில் ஊன்றிப் பிடித்துக்கொண்டார்.

"கைப்பிடியைக் காதுல வெச்சுக்கோ. காலி லிஃப்டை ஓட்டுறேன். என்ன சத்தம் வருதுன்னு அப்படியே சொல்லு. அழகு படுத்தாத, எதையும் விடாத."

"நீங்களே கேட்டா என்ன?"

"எனக்குக் காது போயிடுச்சு."

அந்த அம்மாள் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து காதை வைத்தார். மோட்டார் ஓடியது. லிஃப்ட்காரர் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் படிக்க அவருக்குப் பழக்கமில்லை. அந்தப் புருவம் சுருங்குவதற்கு முன்னாலேயே அவருக்குப் பயம் வந்துவிட்டது.

"விட்டு விட்டு வருது. கண்ணாடித் தூளைச் செருப்புக் காலால மிதிச்சா வருமே, அப்படி. சுத்த சுத்த அதிகமாகுது... நிறுத்துங்க, போதும், நிறுத்துங்க!"

மெயின் சுவிட்சை இறக்கினார். மூடியைக் கழற்றி விரலை உள்ளே விட்டார். கருத்த கிரீஸில் இரும்புத் துகள் மினுமினுத்தது. பேரிங் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக அந்த லிஃப்டில்தான் அவர் மனைவியும் நாற்பது பேரும் ஏறி இறங்கினார்கள், அவர் போட்ட கையெழுத்தை நம்பி.

மனைவி அந்த விரலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று லிஃப்ட்காரர் நினைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த அம்மாள் தன் கைக்குட்டையை எடுத்து அந்த விரலைத் துடைத்துவிட்டார். லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டார்.

"பேரிங் போச்சா? போன வாரம் நீங்கதானே பார்த்தீங்க?"

"நான்தான் பார்த்தேன். காது கேக்காமலேயே கையெழுத்துப் போட்டிருக்கேன். இந்த ஒரு லிஃப்ட் மட்டும் இல்ல."

"எப்பலேருந்து?" என்றார் சூப்பர்வைசர்.

வேறு யாராக இருந்தாலும் அதற்குப் பதில் சொல்லியிருக்க முடியாது. காது என்றைக்குப் போனது என்று யாருக்குத் தெரியும்? இவருக்குத் தெரிந்தது. சட்டைப் பொத்தான் அளவு வாட்ச் ஒன்று முதலில் சோர்ந்த நாள் தெரிந்தது. அதற்குப்பின் ஒவ்வொன்றாக அடங்கிய கிழமைகள் தெரிந்தன.

"ஸ்கூல் திறந்த வாரத்துலேருந்து. அதுக்கப்புறம் நான் பார்த்த லிஃப்ட் அத்தனையையும் மறுபடி பார்க்கணும். மொத்தம் முப்பத்தி நாலு கட்டிடம்."

"அண்ணே, யோசிச்சுப் பேசுங்க. இதை நான் மேல சொன்னா உங்க வேலை இருக்காது. இந்த ஒண்ணை மட்டும் சரி பண்ணிட்டு, மத்ததை மெதுவா..."

"பேனா இருக்கா?"

"இருக்கு, ஆனா..."

"எழுதுங்க. முதல்ல பிரசவ ஆஸ்பத்திரி. இப்பவே போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்க."