ரேக்கு வைத்த எல்லை

ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டால் என் கல்யாணம் தள்ளிப்போனது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. விளையாடி விளையாடிக் கெட்டுப்போனவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் அதை விளையாடியது மொத்தத்தில் ஒரே ஒரு மத்தியானம். மற்ற நாளெல்லாம் அதைச் செய்துகொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள் அவை. காஞ்சிபுரத்தில் சேலை டிசைனைக் கட்டம் போட்ட காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தவர்கள் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தார்கள். நானும் ஒரு டிசைன் சென்டரில் உட்கார்ந்து மயிலும் அன்னமும் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டம் தப்பினால் சேலையில் மயிலுக்கு மூக்கு கோணிக்கொள்ளும். அதனால் எங்களுக்குக் கண்ணும் பொறுமையும் கொஞ்சம் அதிகம். இதை எப்படியோ தெரிந்துகொண்டு சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. அவர்கள் செய்யப்போவது ஒரு ஆன்லைன் விளையாட்டு. ஆயிரக்கணக்கான பேர் அவரவர் இடத்திலிருந்தே நுழைந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, ஒரே ஊருக்குள் நடமாட வேண்டும். வீரனாகலாம், வைத்தியனாகலாம், வியாபாரியாகலாம். அந்த ஊரின் தரை, சுவர், கதவு, துணிமணி எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக வரைய ஆள் வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டுக்கடைக்கு மேல்மாடியை வாடகைக்கு எடுத்து எங்களில் சிலரை உட்கார வைத்தார்கள்.

வீட்டில் அப்போதுதான் அம்மா எனக்கு ஜாதகம் சேர்க்க ஆரம்பித்திருந்தாள். எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்றெல்லாம் இல்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் வேலையை விட வேண்டும், அவ்வளவுதான். புது வேலை கிடைத்த சூட்டில் அது எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாவிடம் நேராகவே சொன்னேன். அப்பா தறிக்காரர். எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதி அவருடைய தறிதான். அவர் யோசித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"பொண்ணு பாவு ஏத்திடுச்சு. ஏத்துன பாவ பாதியில இறக்கக் கூடாது. அந்த விளையாட்டு வெளிய வரட்டும், அப்புறம் மாப்பிள்ளை பார்க்கலாம்" என்றார். நெய்யத் தொடங்குமுன் தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல்தான் பாவு.

"அது எப்போ வருமோ?" என்றாள் அம்மா.

"அப்படிக் கேக்காத" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி ஆகாது. தறியில் சேலை ஓடும்போது எப்போது முடியும் என்று கேட்டால் இழை அறும் என்பார்கள். கடைக்காரரே வந்தாலும் "எது வரைக்கும் வந்திருக்குது?" என்றுதான் கேட்க வேண்டும். உடல் பாதி, உடல் முக்கால், முந்தியில நிக்குது என்று பதில் சொல்வார்கள். முந்தி கடைசியில் வருவது. முந்தி முடிந்தால் சேலை முடிந்தது. அன்றிலிருந்து அப்பா மாதத்துக்கு ஒரு தடவையாவது என்னை அப்படித்தான் கேட்டார். நானும் அதே பாஷையில் பதில் சொன்னேன். அவர் விசாரிப்பது விளையாட்டை இல்லை, கல்யாணத்தை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

விளையாட்டு எனக்கு நன்றாகவே ஒத்துழைத்தது. முதலில் ராஜா காலத்து ஊர் என்றார்கள், வரைந்தோம். வெளிநாட்டில் இருந்த கூட்டாளிகள் பார்த்துவிட்டுப் பனிமலை கேட்டார்கள். எங்களில் ஒருவரும் பனியைக் கண்டதில்லை. படத்தைப் பார்த்து வரைந்த மலை, அரிசி மாவைக் கொட்டி வைத்த மாதிரி இருந்தது. அது வேண்டாம், மறுபடி ராஜா ஊரே போதும் என்றார்கள். மண்டபத் தூண் யாளியை அனுப்பினால், இது யானையா சிங்கமா என்று முதலில் முடிவு செய்யுங்கள் என்று எழுதினார்கள். ஒவ்வொரு தடவை வேலை பாழாகும்போதும் மற்றவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வந்து, "பிரிச்சுட்டு மறுபடி உடல்லேர்ந்துபா" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்வேன். அண்ணன் மட்டும் கண்டுபிடித்துவிட்டான். அவன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சேலையின் ஒரு கரைக்கு, குறுக்கு நூலை ஓட்டுகிற நாடாவைப் போடுகிறவன். "மூஞ்சிதான் சோகமா இருக்குது, காலு குதிச்சிக்கினு வருது" என்பான்.

பிறகு எல்லைக்கோட்டு விவகாரம் வந்தது. விளையாட்டில் ஒரு ஊர், ஊருக்கு வெளியே ஒரு காடு. ஊருக்குக் கல்தரை, காட்டுக்குச் செம்மண். எங்களில் பாதிப் பேர் ஊரை வரைந்தோம், பாதிப் பேர் காட்டை. இரண்டையும் சேர்க்கும்போது நடுவில் நேர்கோடு விழுந்தது. எங்கள் கண்ணுக்கு அது ஒட்டுப்போட்ட துணியாகத் தெரிந்தது. காஞ்சிபுரத்தில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் இரண்டையும் நேராக முட்ட விடமாட்டார்கள். கரையிலிருந்து கோபுரம் கோபுரமாக உடலுக்குள் ஏறி நிற்கும். அதற்கு ரேக்கு என்று பேர். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஊர் முடிந்து காடு தொடங்குகிற இடம் பூராவும் ரேக்கு வைத்தோம். எங்கள் டீம் லீடர் சின்ன காஞ்சிபுரத்துக்காரர், தறி பக்கம் போகாத குடும்பம். அவரும் பார்த்துவிட்டு, "பேஷா இருக்கு, அப்படியே அனுப்பிடுங்கோ" என்றார்.

சோதித்துப் பார்க்க ஏனாத்தூர் யுனிவர்சிட்டியிலிருந்து மாணவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கூச்சல். எல்லை ஓரமாக நடந்த ஒருவன் மறைந்து மறைந்து தெரிந்தான். ஒருவன் கையிலிருந்த வாள் காணாமல் போனது, இன்னொருவனுக்கு அதே வாள் மூன்றாகப் பெருகியது. குதிரையில் போன பையன் ஊருக்குள் நின்றான், குதிரை காட்டில் நின்றது. "சார், என் குதிர எங்க சார்?" என்று அவன் நிஜமாகவே எழுந்து ஜன்னல் பக்கம் தேடினான். கடைசியில் எல்லாத் திரையும் அப்படியே உறைந்துபோனது.

சென்னையில் இருந்த புரோகிராமர் போனில் கத்தினார். ஊர் ஒரு சர்வரில் ஓடுகிறதாம், காடு இன்னொரு சர்வரில். எல்லையைத் தாண்டுகிற ஆளை ஒரு சர்வர் பேரை அடித்து அனுப்ப வேண்டும், அடுத்தது பேரை எழுதி எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கே தாண்டுகிறான் என்பதை நாங்கள் நிறம் மாற்றிய இடத்தை வைத்துத்தான் அது தெரிந்துகொள்கிறது. நேர்கோடாக இருந்தால் ஒரு தடவை தாண்டுவான். ரேக்கு வைத்த எல்லையோரம் நடந்தால் அடிக்கு ஒரு கோபுரம், கோபுரத்துக்கு இரண்டு தாண்டல். இரண்டு சர்வரும் ஆளை மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டே மூச்சு முட்டி நின்றுவிட்டன.

"யாருங்க இப்படிப் பல்லு பல்லா வரைஞ்சது? எதுக்கு?" என்றார்.

போனை வாங்கியவள் நான்தான். "ரேக்கு இல்லாம எப்படிங்க சேர்ப்பீங்க?" என்றேன். "ரேக்கா? அப்படின்னா?" என்றார் அவர்.

இதை வீட்டில் சொன்னபோது அப்பா நாடாவைக் கீழே வைத்துவிட்டார். சர்வர் மூச்சு முட்டியதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை.

"ரேக்கு வேணாம்னு சொல்றவன் இன்னா மனுஷன்மா?" என்றார். அவருக்கு உண்மையிலேயே கோபம்.

அந்த மனுஷன் அடுத்த வாரமே பஸ் ஏறி வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். சட்டைப் பையில் பேனா கசிந்து நீலமாகியிருந்தது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நானும் தயாராக இருந்தேன். அவரோ ரேக்கு என்றால் என்னவென்று காட்டச் சொன்னார். கீழே பட்டுக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அரக்குக் கரை போட்ட மஞ்சள் சேலை ஒன்று தொங்கியது. கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"திட்டினதுக்கு சாரிங்க. அழகாத்தான் இருக்கு. ஆனா ஓடாது" என்றார்.

எல்லையை நேராக்கும் வேலை எனக்கு வந்தது. மாதக்கணக்கில் கோபுரங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். அவர் வாராவாரம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தார். வேலை இன்னும் இழுக்காதா என்ற பழைய ஆசை எனக்கு அப்போதும் இருந்தது. அது போனது அடுத்த சோதனையில்தான்.

அந்த மத்தியானம் ஆள் குறைந்ததால் என்னையும் விளையாட உட்கார வைத்தார்கள். ஒரு வீரப்பெண்ணை எடுத்துக்கொண்டேன். நான் வரைந்த தெருவில் நானே நடந்தேன். கதவுகள், கோலங்கள், கடைகள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தவை. ஆனால் அவற்றுக்கு நடுவில் நடந்துபோவது வேறாக இருந்தது. எங்கே போற, எப்போ வருவே என்று யாரும் கேட்கவில்லை. ஊர் எல்லையைத் தாண்டினேன், ஒரு உதறல்கூட இல்லை. காட்டுக்கு அந்தப் பக்கம் ஆறு. ஓரிக்கைப் பாலாற்றில் நான் வாழ்நாளில் பார்த்திராத தண்ணீரை நாங்கள் அதில் விட்டிருந்தோம். முனிவர் வேஷத்தில் இருந்த யாரோ ஒருவர் ஆற்றுக்கு வழி கேட்டார். நான் முன்னால் நடந்து காட்டினேன். இது வெளியே வர வேண்டும் என்று அப்போது மனதார நினைத்தேன். வந்தால் மறுநாளே அம்மா தரகரைக் கூப்பிடுவாள் என்பதும் தெரியும். இருந்தாலும் வர வேண்டும் என்றே நினைத்தேன்.

அன்று அப்பா கேட்டபோது, "முந்திக்கு வந்துடுச்சுபா" என்று பொய் இல்லாமல் சொன்னேன். அம்மா ஜாதகக்கட்டை எடுத்துத் தூசி தட்டினாள்.

முந்தியில்தான் நின்றது. வெளிநாட்டுக் கூட்டாளிகள் கையை விரித்துவிட்டார்கள். அவர்களுக்கு இனி மொபைலில் விளையாடுகிற சின்ன விளையாட்டுகள் போதுமாம். முதலாளி சென்னையிலிருந்து வந்து நின்றபடியே பேசினார். "ப்ராஜெக்ட் ஹோல்டுல இருக்கு" என்றார். நிறுத்திவிட்டோம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஹோல்டு என்றவர் ஏன் கம்ப்யூட்டர்களை டெம்போவில் ஏற்றுகிறார் என்று எங்கள் லீடர் மட்டும் கேட்டார். சர்வரை அணைத்த பிறகு அந்த ஊருக்குள் நாங்களும் நுழைய முடியாது. பாதி நெய்த சேலை என்றாலாவது கையால் தொட்டுப் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"நிறுத்திட்டாங்கபா."

"எது வரைக்கும் வந்துச்சு?"

"முந்தி பாதி."

"பாதியிலயா இறக்கிட்டாங்க?" என்று அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்தே விட்டார்.

"ஹோல்டுன்னு சொல்றாங்க. அப்படியே நிக்குதாம்."

அம்மா குறுக்கே வந்தாள். "அப்போ கத முடிஞ்சுது இல்ல? தரகர வரச் சொல்றேன்."

"நிக்கிறத முடிஞ்சுதுன்னு எப்படிச் சொல்றது?" என்றார் அப்பா. "வெளிய வந்தாத்தான்னு வாக்கு குடுத்திருக்கேன். வரல இல்ல?"

"வராதுன்னா பொண்ணு இப்படியே இருக்கட்டுமா? அப்பனும் பொண்ணும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்குங்க" என்று அம்மா உள்ளே போய்விட்டாள்.

ஆரம்பத்தில் நான் என்ன வேண்டிக்கொண்டேனோ அது அப்படியே கிடைத்துவிட்டது. இனி யாரும் என்னை அவசரப்படுத்த முடியாது. பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த ஆற்றுக்கு வழி இனி யாருக்குக் காட்டுவது என்றுதான் நினைப்பு ஓடியது. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

பிறகு சென்னையில் வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே யார் யாருடைய விளையாட்டுகளுக்கோ பழக்கூடையும் புதையல் பெட்டியும் வரைந்தேன், எல்லாம் நேர்கோடு. சனிக்கிழமை ஊருக்கு வருவேன். அம்மா பேசிப் பேசி ஓய்ந்தாள். சொந்தக்காரர்கள் என் வயதை எனக்கே ஞாபகப்படுத்தினார்கள். அப்பா மட்டும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எப்போதாவது தறியில் இருந்தபடி, "எது வரைக்கும் வந்திருக்குது?" என்பார். "அதே முந்திதான்பா" என்பேன். தலையாட்டிவிட்டு நெய்வார். அவருடைய பிடிவாதம் எனக்குப் பெருமையாகவும் இருந்தது, சில நாள் எரிச்சலாகவும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அதைக் கேட்டபோது நான் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"முடிஞ்சுதுபா" என்றேன். "அது இனிமே வராது. நாமளே இறக்கிடலாம்."

தறிச் சத்தம் நின்றது. அப்பா என்னைப் பார்க்கவில்லை, கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா அது?" என்றார்.

"என்கூட வேல செய்றவருபா. முன்ன அந்த விளையாட்டுலயும் இருந்தாரு."

"நம்ம ஊரா?"

"இல்லபா. மெட்ராஸ்." சொல்லாமல் விட முடியாது. "ரேக்கு வேணாம்னு சொன்னாரே, அவருதான்."

அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்பா அறுந்த இழை ஒன்றைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டார்.

"கல்யாணச் சேலைய நான்தான் நெய்வேன்" என்றார். "அதுல ரேக்கு இருக்கும். இப்பவே சொல்லிடு அவன்கிட்ட."